சக்கரத்தடத்தில் நிற்கும் தண்ணீர்

பாறசாலையிலிருந்து வெள்ளறடைப் பக்கம் போனால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் வழிகள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன் தலைவிளக்கோடு போகிற வழி அது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்காக ஓடுவதும், மாடு மேய்ச்சலுக்குப் போவதும் அதில்தான். அப்படி ஒரு வழி என் சித்தி வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்து முப்பது வருஷம் அதில் மாறுதல் ஒன்றும் இல்லை. நடுவே கொஞ்சம் குழிந்து, ஓரங்களில் தொட்டாற்சுருங்கி படர்ந்து கிடக்கும். மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் காய்ந்துவிடும். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டன் டயர் போட்ட பைக்குகள் வர ஆரம்பித்தன. சேறு பூசிய ஜீப்புகளும் ஒன்றிரண்டு வந்தன. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை இரண்டு முறை வந்து போனது. வழியின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்துவிட்டது. இப்போது பால்வாளியோடு இறங்குகிறவர் ஒரு காலை இந்தக் கரையிலும் மறு காலை அந்தக் கரையிலும் வைத்து நடக்கிறார்.

"ஜீப்பு கனம், பள்ளம் விழுது. இதுல என்ன ஆராய்ச்சி?" என்றாள் சித்தி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை.

மண்ணுக்கு எடை தெரியாது. அழுத்தம்தான் தெரியும், அதாவது எடை எத்தனை இடத்தில் பரவி இறங்குகிறது என்பது. ஆணியின் கூரும் அதன் தலையும் ஒரே சுத்தியடியைத்தான் வாங்குகின்றன. பலகைக்குள் போவது கூர். காற்றடைத்த டயர் தரையில் கொடுக்கும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தமே. பெட்ரோல் பங்கில் '30 வைங்க' என்கிறோமே, அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. நடக்கும் மனிதரின் பாதம் சராசரியாக அரைக் கிலோவை ஒட்டித்தான். மாடு? 400 கிலோ எடை, அகலம் குறைந்த குளம்பு, நடக்கும்போது எல்லாக் கால்களும் தரையில் இருப்பதில்லை. அதுவும் ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு வந்துவிடுகிறது. 

ஆக, மண்ணின் மேற்பரப்பைப் பொறுத்தவரை மாடும் ஜீப்பும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் மாடு நடந்த வழி ஏன் ஓடையாகவில்லை?

முதல் விடை ஆழத்தில் இருக்கிறது. பஞ்சு மெத்தையில் ஒரு விரலை ஊன்றிப் பாருங்கள். விரலடியில் பஞ்சு நன்றாக அமுங்கும், ஆனால் கட்டிலுக்கு எதுவும் தெரியாது. அதே மெத்தையில் உட்கார்ந்தால் கட்டில் முனகும். அழுத்தம் மேலே எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது வேறு கேள்வி. பிரெஞ்சுக் கணித அறிஞர் பூசினெஸ்க் 1885-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். வட்டமான ஒரு சுமைக்குக் கீழே, அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போனால் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். பத்து சென்டிமீட்டர் குளம்பின் சுமை ஒரு சாண் ஆழத்திலேயே கரைந்துவிடுகிறது. டயரின் தடமோ இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர். அதன் அழுத்தம் முழங்கை நீளத்துக்குக் கீழே போகிறது. மேல்மண் அமுங்குவதை டயர் அழுத்தமும், அடிமண் அமுங்குவதைச் சக்கரம் தாங்கும் மொத்த எடையும் தீர்மானிக்கின்றன என்று டிராக்டர் ஓடும் வயல்களை ஆராய்ந்தவர்கள் பிறகு உறுதிப்படுத்தினார்கள். மாட்டின் வேலையை மண்புழு ஒரு பருவத்தில் சரிசெய்துவிடும். ஜீப்பின் வேலை பெரும்பாலான மண்புழுக்கள் எட்டாத ஆழத்தில் நடக்கிறது.

அமுங்கினால் என்ன? இதற்குச் சமையலறைக்குப் போக வேண்டும். கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கமும் காலையில் வேகிற பண்டம் குழாய்ப்புட்டு. மாவை நனைத்து உதிர்த்து, தேங்காய்த்துருவலோடு குழலில் இடுகிறோம். அழுத்தாமல், தானாக விழுந்த வாக்கில். பொடிக்கும் பொடிக்கும் நடுவே உள்ள சந்து வழியாக ஆவி மேலே வரும். புதிதாகக் கல்யாணமான ஒருவர், 'கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கட்டும்' என்று கரண்டிக் காம்பால் குத்தி நிரப்பினால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதை. ஆவி ஏறாது. பானை பொங்கும், மாவு வேகாது.

நல்ல மண்ணும் புட்டுதான். அதன் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். வேர் செத்த துளை, கறையான் வழி, மண்கட்டிகளுக்கு இடையிலுள்ள சந்து. ஆவிக்குப் பதில் மழைநீர் மேலிருந்து கீழே இறங்குகிறது. மண் எவ்வளவு வேகமாக நீரை உள்வாங்கும் என்பதை நீர்புகு திறன் என்று சொல்லலாம். அழுத்தும்போது முதலில் சாவது பெரிய துளைகள். இங்கேதான் இயற்கை ஒரு கொடுமையான கணக்கை வைத்திருக்கிறது. துளையின் குறுக்களவு பாதியானால், அதன் வழியே போகும் நீர் பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிறது. இதை 1840-களில் கண்டுசொன்ன பொய்செய் ஒரு மருத்துவர். நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் புறப்பட்டவர். அவர் கண்ணாடிக் குழாய்களில் அளந்த விதி ரப்பர் தோட்டத்து மண்ணையும் ஆள்கிறது. மண் கால்பங்குகூட அமுங்க வேண்டியதில்லை. பெரிய துளைகள் அடைந்தாலே மழைக்குக் கதவு சாத்தியாகிவிடும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே அளக்கலாம். இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு பெரிய பால்பவுடர் டின்னைத் தரையில் நாலு விரல்கடை அடித்து இறக்கி, ஒரு செம்பு நீர் ஊற்றி நேரம் பாருங்கள். மண் ஆய்வாளர்கள் செய்வதும் இதுதான். அவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம் வைப்பார்கள், நீர் பக்கவாட்டில் கசிந்து கணக்கைக் கெடுக்காமல் இருக்க. சித்தி வீட்டுப் பின்னால் நான் செய்தேன். ரப்பர் மரத்தடியில் ஊற்றிய நீர், செம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வதற்குள் போய்விட்டது. சக்கரத்தடத்தில் ஊற்றியது, நான் சாயா குடித்துவிட்டுத் திரும்பியபோதும் நின்றது. ஒரு எறும்பு அதில் நீந்திக்கொண்டிருந்தது.

உள்ளே போகாத நீர் வழி தேடும். வழி ஏற்கெனவே வெட்டித் தயாராக இருக்கிறது. மாட்டின் குளம்பு புள்ளி புள்ளியாகக் குழிபறிக்கிறது. ஒவ்வொரு குழியும் ஒரு சிறு கிண்ணம், நீரைப் பிடித்து வைக்கும். சக்கரம் போடுவது கோடு. மேட்டிலிருந்து பள்ளம்வரை அறுபடாத கோடு. மாடு தெளிப்பது கோலப்புள்ளி. ஜீப் இழுப்பது வாய்க்கால்.

வாய்க்காலில் சேர்ந்த நீர் வேகம் பிடிக்கும். ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை இருமடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, 64 மடங்காகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் சொன்ன இந்தப் பழைய விதி தோராயமானதுதான். என்றாலும் வெள்ளம் வந்துபோன மறுநாள் ஆற்றில் கிடக்கும் பாறைகளைப் பார்க்கும்போது தோராயம் போதும் என்று தோன்றும். நேற்றுவரை மணலை மட்டும் நகர்த்திய நீர், கொஞ்சம் வேகம் கூடியதும் தேங்காயளவு கல்லை உருட்டுகிறது.

இது வரைக்கும் சித்தி ஒத்துக்கொண்டாள். ஜீப்பைவிடப் பைக் இலேசானது, அது ஏன் இவ்வளவு கிளறுகிறது என்பது அவளுடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. விடை, சறுக்கு.

சக்கரம் முன்னே போவதற்கு மண்ணைப் பின்னே தள்ள வேண்டும். மண் அந்தத் தள்ளலைத் தாங்கினால் வண்டி நகரும். தாங்காவிட்டால் மண் நகரும். மண் இப்படிப் பக்கவாட்டில் நழுவாமல் எதிர்த்து நிற்கும் பலத்துக்கு நழுவு வலிமை என்று பெயர் வைத்துக்கொள்வோம். சமதளத்தில் வண்டிக்குச் சிறு தள்ளல் போதும். ஏற்றத்தில் தன் எடையையே தூக்க வேண்டியிருப்பதால் தள்ளல் பலமடங்கு கூடுகிறது. நழுவு வலிமையைத் தாண்டிய அந்தக் கணத்தில் சக்கரம் உருளுவதை நிறுத்திவிட்டுச் சுழல ஆரம்பிக்கிறது. அப்போது அது சக்கரம் இல்லை, தேங்காய்த்துருவி. பட்டன் டயரின் ஒவ்வொரு கட்டையும் ஒரு பல்.

1978-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வீவர், டேல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நேராகப் பரிசோதித்து எழுதினார்கள். புல்வெளியிலும் காட்டிலும் சரிவிலும் சமதளத்திலும் மனிதர்களை நடக்கவிட்டு, குதிரைகளை ஓட்டி, மோட்டார் சைக்கிளையும் ஓட்டி அளந்தார்கள். நடையைவிடக் குதிரையும் பைக்கும் அதிகக் கேடு என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது திசை: பைக் ஏறும்போது அதிகம் கெடுத்தது, மனிதரும் குதிரையும் இறங்கும்போது அதிகம் கெடுத்தார்கள். இறங்கும்போது நாம் குதிகாலை ஊன்றிப் பிரேக் போடுகிறோம் இல்லையா, அதுதான். பைக்கோ இறங்கும்போது உருண்டுவிடுகிறது. ஏறும்போது பிராண்டுகிறது.

இன்னொரு ஆய்வு கதையைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது, அதை மறைப்பது சரியாகாது. 1994-இல் அதே மொன்டானாவில் வில்சனும் சீனியும் பழைய மலைப்பாதைகளில் செயற்கை மழை பொழிவித்துப் பார்த்தார்கள். அங்கே அதிக மண்ணை இளக்கிவிட்டது குதிரை, அடுத்து மனிதர். பைக்கும் சைக்கிளும் பின்னால்தான். ஏற்கெனவே கெட்டிப்பட்ட பாதையில் சக்கரம் உருண்டுபோகிறது, குளம்பு கொத்திப்போகிறது என்பதே விளக்கம். பைக் ஓட்டுகிறவர்கள் இந்த ஆய்வை எடுத்துக்காட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் 'ஏற்கெனவே கெட்டிப்பட்ட' என்ற சொற்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புது மண் கதை வேறு. மொஹாவி பாலைவனத்தில் ராபர்ட் வெப் என்ற ஆய்வாளர் தீண்டாத மண்ணில் மோட்டார் சைக்கிளை 1 முறை, 10 முறை, 100 முறை, 200 முறை என்று ஓட்டி அளந்தார். மண்ணிறுக்கம் முதல் சில ஓட்டங்களிலேயே பெருமளவு வந்துவிட்டது. பிறகு ஓட்டியதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் கூட்டியது.

ஒரு வழியில் நூறு வண்டி போவது நூறு மடங்கு கேடு இல்லை. நூறு புது வழியில் ஒவ்வொரு வண்டி போவது, ஏறக்குறைய நூறு மடங்கு கேடு. 'கொஞ்ச பேர்தானே, பரவிப் போகட்டும்' என்பது கேட்க இனிமையான யோசனை. மண்ணுக்கு அதுவே ஆகாதது. அதே மொஹாவியில், இரண்டாம் உலகப் போருக்காக 1942 முதல் 1944 வரை அமெரிக்க ராணுவம் பயிற்சி செய்த டாங்கிகளின் தடம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. நம் மண் அப்படி இல்லை. இங்கே வேரும் கறையானும் மழையும் அமுங்கிய மண்ணைச் சீக்கிரம் தளர்த்திவிடும். ஆனால் அதே மழை தளர்ந்த மண்ணைக் கடலுக்கும் கொண்டுபோகும். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு நெய்யாற்றின்கரையைச் சுற்றி பூவாறில் கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் அது சுமந்துபோகும் சாயா நிறம் யாரோ ஒருவருடைய மேட்டு மண். போனது போனதுதான். அடியில் தெரிவது செம்புறாங்கல். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1800-01-இல் மலபாரில் பயணம் செய்து, அங்காடிப்புரம் பக்கத்தில் வெட்டி வெளியே வைத்தால் செங்கல்போல் இறுகுகிற இந்த மண்ணைப் பார்த்து, லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். மேல்மண் போய் வெயில் பட்டால் அது இறுகும். அங்கே தொட்டாற்சுருங்கிகூட முளைக்கத் தயங்கும்.

வண்டிக்கும் வழிக்கும் நடுவிலான இந்தச் சண்டை பெரிதாக நடப்பது எங்கள் சித்தி வீட்டுப் பின்னால் இல்லை, வடக்கே இடுக்கியில். போடிநாயக்கனூர் தாலுகாவில், சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறது. ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. அதே மலைக்குத் தேனிப் பக்கம் குரங்கணியிலிருந்து ஒற்றையடிப்பாதை. 2018 மார்ச் 11-இல் அந்தப் பக்கத்துக் காட்டுத்தீயில் மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, நடந்து போவதற்கே தமிழ்நாடு தனி விதிகள் கொண்டுவந்தது. மலை ஒன்று, ஒரு முகத்தில் நடைக்கு அனுமதிச்சீட்டு, மறு முகத்தில் விடியற்காலை ஜீப் வரிசை. 2022 மே மாதம் வாகமண்ணில், மாவட்ட நிர்வாகத்தின் தடை இருக்கும்போதே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆஃப்ரோடு நிகழ்ச்சி வழக்காகி, கலந்துகொண்ட நடிகர் ஒருவர் அபராதம் கட்ட நேர்ந்தது. 2025 ஜூலையில், மூணாறுப் பக்கம் சுற்றுலா ஜீப் ஒன்று கவிழ்ந்து உயிர்ச்சேதம் ஆனதை அடுத்து, இடுக்கி மாவட்டம் முழுவதும் ஜீப் சவாரிக்குத் தடை வந்தது. ஓட்டுநர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் குறிப்பிட்ட வழித்தடங்களில் நிபந்தனைகளோடு தளர்வும் வந்தது.

அந்தக் கொதிப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயங்களுக்கு அரிசி போவதும், பிரசவத்துக்கு ஆள் போவதும் அதே ஜீப்பில்தான். சுற்றுலாப் பயணி வந்த பிறகுதான் அதே ஓட்டுநரின் பிழைப்பு கொஞ்சம் நிமிர்ந்தது. மலையைக் காக்க வேண்டும் என்று நகரத்திலிருந்து எழுதுகிற என்னைப் போன்றவர்கள் இதை மறந்துவிடுகிறோம்.

ஒலியைப் பற்றியும் கொஞ்சம். நடக்கிறவர்களின் முதல் புகார் பெரும்பாலும் மண் இல்லை, சத்தம். நம் நாட்டு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவில் 45. டெசிபல் கணக்கு ஏணிப்படி போல அல்ல: 10 கூடினால் காதுக்கு இருமடங்கு உரப்பாகக் கேட்கும். திறந்த வெளியில், ஒரே இடத்தில் நிற்கும் வண்டியிலிருந்து தூரம் இருமடங்கானால் 6 குறையும். சைலன்சரைக் கழற்றிய ஒரு பைக், பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்தே நம் கூடவே நடந்துவருவதற்கு இதுதான் காரணம்.

விலங்குகள் விஷயத்தில் மட்டும் பொதுவான தீர்ப்பு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவில் பாலைவனக் காட்டாடுகள் வண்டிகளைவிட நடந்துவந்த மனிதரைக் கண்டே அதிகம் ஓடின. வண்டி சாலையை விட்டு விலகாது, மனிதர் எங்கிருந்து முளைப்பார் என்று தெரியாது. ஆரிகன் மாநிலத்துச் சோதனைக் காடு ஒன்றில், கழுத்துப்பட்டை மாட்டிய எல்க் மான்கள் நான்கு சக்கர ஆஃப்ரோடு வண்டிக்கே அதிகம் கலைந்தன. எந்த விலங்கு, எந்த வழி என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

மனிதர்களுக்குள் நடப்பதைச் சமூக அறிவியலாளர்கள் ஒருபக்கப் பிணக்கு என்கிறார்கள். 1970-களில் அமெரிக்கப் பனிப்பாதைகளில் கவனித்தது: பனிச்சறுக்குக் கட்டையில் போகிறவர்களுக்குப் பனி மோட்டார் வண்டிக்காரர்களைப் பிடிக்கவில்லை. வண்டிக்காரர்களுக்கோ சறுக்குகிறவர்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை. 'எங்களுக்குப் பிரச்சினை இல்லையே, உங்களுக்கு ஏன்?' என்பதுபோல இருந்தது அவர்கள் நிலை. சித்தி வீட்டுப் பின்னால் வரும் பையன்களும் அதையேதான் கேட்கிறார்கள், பொய்யில்லாமல். ஒருவர் தேடி வந்தது அமைதி. அதை மற்றவர் உடைத்துவிட முடியும். மற்றவர் தேடி வந்தது வேகம். அதை அமைதியால் உடைக்க முடியாது.

இதில் ஒரு எண்கணிதமும் ஒளிந்திருக்கிறது, எனக்குப் பிடித்த பகுதி அது. நூறு பேர் ஒரே வேகத்தில் ஒரே திசையில் ஒரு மலைப்பாதையில் ஏறுகிறார்கள் என்று வையுங்கள். யாரும் யாரையும் தாண்டுவதில்லை. ஒவ்வொருவருக்கும் பாதை காலியாகவே தோன்றும். இப்போது ஐந்து மடங்கு வேகத்தில் ஒரு வண்டி வருகிறது. அது நூறு பேரையும் தாண்டுகிறது. நூறு பேரும் ஓரம் ஒதுங்குகிறார்கள், நூறு பேர் மூக்கிலும் புழுதி. வண்டிகள் பத்தானால் நடக்கிறவர் ஒவ்வொருவருக்கும் பத்து. அன்று மாலை 'ஒரே வண்டி மயம்' என்று அவர்கள் சொன்னால் அது மிகை இல்லை, எண்ணிக்கையில் பத்தே பத்துதான் என்றாலும். வேகமாக ஓடும் வாயு மூலக்கூறு அதிகமாக மோதுவதும் இதே கணக்குதான்.

ஆகவே பிணக்கில் ஒரு பாதி எந்தப் பொறியியலாலும் தீராது. வழியையோ நேரத்தையோ பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு பார்த்திருக்கிறேன். திருவிதாங்கூர் அரசர் பலராம வர்மா காலத்தில் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து குடியேற்றப்பட்ட நெசவாளர்களின் தெருக்கள் அவை. காலையில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, நீவிக் காயவைப்பார்கள். அந்நேரம் ஸ்கூட்டரில் வருகிறவர் இறங்கி, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போவார். வெயில் ஏறுமுன் பாவு சுருண்டுவிடும், தெரு மறுபடி தெருவாகும். அறிவிப்புப் பலகை எதுவும் கிடையாது.

மண்ணைச் சேர்ந்த மறு பாதிக்கு வழி இருக்கிறது. பாதை அமைப்பவர்களிடம் ஒரு கைவிதி உண்டு: பாதையின் சரிவு, அது போகும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டாவிட்டால் நீர் பாதையைக் குறுக்கே கடந்து போய்விடும். தாண்டினால் பாதையோடு ஓடும். ரப்பர் தோட்டத்தில் சம உயரத்தில் படித்தட்டு வெட்டி மரம் வைக்கிறார்களே, அதே அறிவு. சித்தி வீட்டுப் பின்னால் உள்ள வழி மேட்டிலிருந்து நேரே கீழே விழுகிற குறுக்குவழி. பாதத்துக்கு அது பரவாயில்லை, சக்கரத்துக்கு ஆகவே ஆகாது. சரிவைச் சுற்றிப்போகும் பழைய வண்டித்தடம் ஒன்று இன்னும் புதர் மூடிக் கிடக்கிறது.

அடுத்தது, எப்போது ஓட்டலாம் என்பது. லாஸ் ஏஞ்சல்ஸில் அணைக்கட்டுக்கு மண் கரை போட்டுக்கொண்டிருந்த பொறியாளர் ரால்ப் பிராக்டர் 1933-இல் சொன்னது இது: காய்ந்த மண் சரியாக இறுகாது, சொதசொதத்த மண்ணும் இறுகாது, நடுவே ஓர் ஈரத்தில்தான் மண் உச்சமாக இறுகும். ரோடு போடுகிறவர்கள் ரோலர் ஓட்டுமுன் தண்ணீர் லாரியை விடுவது புழுதிக்காக மட்டும் இல்லை. அந்த ஈரத்தைத் தாண்டினால் மண் இறுகாமல் குழைந்து வழியும், தடம் ஆழமாக விழும். குழைவது எங்கே தொடங்குகிறது என்று அளக்க சுவீடன்காரர் அட்டர்பர்க் 1911-இல் ஒரு முறை வகுத்தார். உலகத்து மண் ஆய்வகங்களில் இன்றும் அதுவே. பெரிய கருவி வேண்டாம். ஒரு உருண்டை மண்ணை எடுத்து, கண்ணாடித் தகட்டின் மேல் உள்ளங்கையால் நூலாகத் திரிக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் பருமனுக்கு வரும்போது நூல் முறிந்து உதிர்ந்தால், மண் நெகிழ் எல்லையில் நிற்கிறது. அதைவிட மெலிதாகவும் முறியாமல் நீண்டால், எல்லையைத் தாண்டிய ஈரம். அப்போது உழக்கூடாது என்று விவசாயிகளுக்குச் சொல்வதுண்டு. வண்டி ஓட்டக்கூடாது என்பதும் அதுவே.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு, மழை விட்டு மூன்றாம் நாள். மேட்டு முனையில் இரண்டு பைக். பால்வெட்டுக்கார மாமா வாளியைக் கீழே வைத்துவிட்டு வழியின் நடுவே நின்றார். "நில்லு மக்ளே, இன்னைக்கு வேண்டாம்" என்றார். பையன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "காஞ்சுபோச்சே மாமா, பாருங்க." மேலே பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. நான் நடுவில் புகுந்து, தடத்தில் இரண்டு விரல்கடை தோண்டி ஒரு நெல்லிக்காய் அளவு மண்ணெடுத்து, என் உள்ளங்கையில் திரித்தேன். அது தீக்குச்சிப் பருமனுக்கு வந்தது, முறியாமல் இன்னும் மெலிந்தது. மாமா சிரித்தார். "நல்லா இழுபடுது. தறியில ஏத்தலாம்."

பையனுக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் வியப்பு. "இது முறிஞ்சா போலாமா?" என்று கேட்டான். சொன்னேன். அவன் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு, புதர் மூடிய வண்டித்தடத்தின் ஓரத்தில் குனிந்து ஒரு கைப்பிடி எடுத்தான். கண்ணாடிக்குப் பதில் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து உருட்டினான். முதல் நூல் முறியவில்லை. அதை வழித்தெறிந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மேலே, வெயில் விழுகிற இடத்திலிருந்து அடுத்த பிடி மண் எடுத்தான்.